கருப்பனுக்குப் போன கல்

கிணறு காவு கேட்கிறதாம். கோடாங்கி சோணைமுத்து உடுக்கடித்துச் சொல்லிவிட்டார். மூன்று வருஷத்தில் இது மூன்றாவது கிடாய். முதல் கிடாய் பிச்சையம்மாளின் மகன் விழுந்து செத்தபோது. அடுத்தது சின்னக்கருப்பனின் மகள் செத்தபோது. இப்போது ராக்குவின் மகள் பூமயிலுக்காக.

பூமயில் பிழைத்துக்கொண்டாள். நாலு நாளைக்கு முன் ராக்கு நிலக்காரரின் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே தத்தித் தத்தி வந்த ஒன்றரை வயசுப் பிள்ளை விளிம்பு தெரியாமல் உள்ளே போய்விட்டது. பக்கத்துப் பாத்தியில் நின்ற புருஷன் கூத்தையா குதித்துத் தூக்கினான். இன்றைக்கும் பிள்ளை இருமினால் ராக்கு ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறாள்.

இரண்டு கிடாய்க்கு அடங்காத கிணறு மூன்றாவதற்கா அடங்கும்? கறியைத் தின்றது ஊர், பழி மட்டும் கிணற்றுக்கு. நினைக்க நினைக்க ராக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிணற்றைச் சுற்றி முன்பு இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருந்தது. வாக்கப்பட்டு வந்த புதிதில் அவளே அதன்மேல் குடத்தை வைத்துத்தான் மூச்சு வாங்குவாள். நிலக்காரர் ராக்கப்பன் ராமநாதபுரம் கோர்ட்டில் வரப்புக் கேஸ் ஜெயித்தார். ஜெயித்தால் காவல் சாமி கருப்பனுக்குப் பீடம் கட்டுவதாக நேர்ந்திருந்தாராம். கல்லுக்கு எதற்கு வண்டி கட்ட வேண்டும்? கிணற்றுச் சுவரைப் பிரித்து எடுத்துக்கொண்டார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். "மாசி பொறக்கட்டும், புதுக்கல்லு வச்சுருவோம்" என்றார். மூன்று மாசி வந்து போய்விட்டது.

மாலை போட்ட கிடாய் பீடத்தின் முன் நின்றது. அரிவாளோடு நின்றவன் கூத்தையாதான். தண்ணீர் தெளித்தால் கிடாய் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. சோணைமுத்து ஒரு செம்பு ஊற்றினார். இன்னொரு செம்பு ஊற்றினார். கிடாய் மாலையைக் கடித்துக்கொண்டு நின்றதே ஒழிய, சிலிர்க்கவில்லை.

"பெத்தவளுக்குக் கண்ணு வேணாமா? பிள்ளைய ஒழுங்காப் பாத்திருந்தா இந்த வம்பு ஏன்?" என்றார் ராக்கப்பன், எல்லார் காதிலும் விழும்படி.

ராக்குவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இருக்கது ரெண்டு கண்ணுதான்யா. அது கயித்தப் பாக்குமா, குடத்தப் பாக்குமா, பிள்ளையப் பாக்குமா? பிள்ளையே கதின்னு நின்னா, நாத்துக் காஞ்சுபோச்சுன்னு நீகதான வைவீக?"

"என்ன புள்ள, வாய் நீளுது?"

"கெணறு காவு கேக்கலைய்யா. நீக எடுத்த கல்லக் கேக்குது."

ராக்கு பூமயிலைப் பிச்சையம்மாளின் இடுப்பில் கொடுத்தாள். பீடத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். எழுந்து ஓரக்கல் ஒன்றை அசைத்தாள். மண்ணில் அடுக்கிய கல், பெயர்ந்து வந்தது.

"அடியே, சாமி குத்தம்!" என்று அலறினார் சோணைமுத்து.

"கருப்பனுக்கு நிக்கத் தெரியும், கோடாங்கி. எம் மகளுக்கு இன்னும் நடக்கவே ஒழுங்கா வரல."

கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தாள்.

"ஏலே கூத்தையா! உம் பொண்டாட்டியப் பிடிலே!" ராக்கப்பனின் குரல் கிறீச்சிட்டது.

கூத்தையா கிடாயைப் பார்த்தான். கிணற்றைப் பார்த்தான். அவர் நிலத்தில்தான் அவனுக்குக் கஞ்சி. ஆனாலும் குனிந்து அரிவாளைத் தரையில் வைத்தான். பீடத்தின் அடுத்த கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் சின்னக்கருப்பன் வந்து நின்றான்.

வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடின. பூமயிலை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பிச்சையம்மாள் அவர்களுக்கு முன்னால் ஓடினாள். தன் மகன் விழுந்த பக்கத்தில் நின்று மறுகையை விரித்துப் பிள்ளைகளை மறித்தாள். கல்லெல்லாம் வந்து சேரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.