ஜாக்கிக்குப் பூக் கேட்ட கதை

என் வீட்டுக்காரர் பூபதிராஜா என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை யோசித்திருக்க மாட்டார். காருக்கு ஆயில் மாற்ற ராம்ப் வாங்குவதா, ஜாக்கி வாங்குவதா என்று அப்படி யோசித்தார். வேலந்தாவளத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டால் காலையிலேயே வேலை முடிந்துவிடும். முடிந்துவிட்டால், வண்டி வேலையை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஐயா செல்போனில் பார்க்கிற வீடியோவெல்லாம் என்னாவது?

"ராம்ப்னா அந்தச் சாய்வு மேடை மேல காரை ஏத்தி நிறுத்துனாப் போதும் புள்ள. ஆனா சக்கரத்தைக் கழட்ட முடியாது. ஜாக்கின்னா கழட்டலாம்."

"ஆயில் மாத்தறதுக்குச் சக்கரத்தை எதுக்குங்க கழட்டோணும்?"

"உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

தெரியாதுதான். எங்கள் மண் வாசலில் அந்தக் காருக்கு அடியில் படுக்கப்போகிறவர் என் புருஷன் என்பது மட்டும் தெரியும். ராம்ப்பையே வாங்குங்கள் என்றேன். உடனே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் மாரியம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. பூசாரி எடுத்துப் பிரிப்பதுதான் அம்மன் வாக்கு. ஆயில் மாற்றப் பூக் கேட்ட முதல் மகான் என் வீட்டுக்காரர். வெள்ளை வந்தால் ராம்ப், சிவப்பு வந்தால் ஜாக்கி. பாவம், அம்மன் எந்தக் காருக்கு அடியில் படுத்தாள்? சிவப்பைக் கொடுத்துவிட்டாள்.

ஜாக்கி வந்தது. அதற்குச் சந்தனப் பொட்டு வேறு.

"ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டு வெச்சு முட்டுக் குடுக்கோணும்னு அந்த வீடியோக்காரனே சொல்றானுங்களே" என்றேன்.

"அம்மனே உத்தரவு குடுத்துட்டா. அப்பறம் முட்டு எதுக்கு?"

முந்தின நாள் பெய்த மழையில் வாசல் சொதசொதவென்று கிடந்தது. காரைத் தூக்கினார், உள்ளே போய்ப் படுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஜாக்கி ஒரு பக்கமாக மண்ணுக்குள் இறங்கிச் சாய்வதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து இழுத்தேன். லுங்கிதான் கையோடு வந்தது, ஆள் வரவில்லை. "அடியே, லுங்கிய உடு!" என்று உள்ளிருந்து மானம் பேசுகிறது. கணுக்கால் இரண்டையும் பிடித்து என் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்துப் போட்டேன். தலை வெளியே வந்தது, கார் தொப்பென்று விழுந்தது.

"பாத்தியா, அம்மன் காப்பாத்திட்டா!" என்றார்.

கணுக்காலைப் பிடித்து இழுத்தது அம்மனா? அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவரும் பயந்துபோய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே ஒர்க்‌ஷாப்புலயே உடலாங்களா?" என்று கெஞ்சினேன்.

"எதுக்கும் அம்மனை ஒரு வார்த்தை கேட்டுப் போடலாம்."

வெள்ளை வந்தால் ஒர்க்‌ஷாப். சிவப்பு வந்தால் மறுபடியும் இவரே அடியில் படுப்பார். பொட்டலத்தை நானே கட்டித் தருகிறேன் என்றதும், பெண்டாட்டிக்கும் பக்தி வந்துவிட்டதென்று மனிதருக்கு ஏக சந்தோஷம்.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன். பூசாரி கை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பிள்ளைகள் ஊர் நிறைய இருக்கிறார்கள், எனக்கு இந்த ஒரு மனுஷன்தான்.