பெரிய கேமரா கைமாறிய கதை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கேமராதான். மூன்று வைத்திருந்தார். பிலிம் போட்டு எடுக்கும் பழையது, சட்டைப் பையில் அடங்கும் சின்னது, கழுத்தை இழுக்கும் பெரியது. எறும்பு, மழை விட்ட பின் கம்பியில் தொங்கும் சொட்டு, சுவரில் படர்ந்த பாசி, வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டுக்கு மேலே எண்ணெய் மினுங்கும் இரும்புக் கயிறுகள் என்று எதையும் விடமாட்டார். மனிதர்களை மட்டும் எடுத்ததில்லை. முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்க அவருக்கு நாக்கு எழாது.

"எறும்பே உங்களைக் கண்டா நின்னு போஸ் குடுக்குது" என்பாள் அவர் மனைவி. மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள். இருமலோடு வருகிறவரும் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போவார்.

அந்த வாய் ஒருநாள் காலையில் கோணிக்கொண்டது. பல் தேய்த்துக் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. இடது கண் மூட மறுத்தது. முகவாதம் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையும் பயிற்சியுமாக மெல்லச் சரியாகிவிடும் என்றார்.

அவள் கடைக்கு லீவு சொன்னாள். கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டாள். யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுவாள். புருஷனிடம் பேசும்போதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்கு மறைக்கிற?"

"எனக்கே பார்க்கச் சகிக்கலங்க. நீங்க வேற பார்க்கணுமா?"

அந்த ஞாயிறு கேமராப் பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"போட்டோ எடுக்கப் போகலயா?"

"மனசில்ல."

அவள் பையை இழுத்துத் திறந்தாள். பிறகு பெரிய கேமராவை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எதை அமுக்கணும்?"

காட்டினார். கேமரா அவள் முகத்தில் பாதியை மறைத்தது, பிடித்திருந்த கை மீதியை மறைத்தது.

"இதைப் பிடிச்சுக்கிட்டு வந்தா என் மூஞ்சி யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது. வா."

தெருவில் அவள் பாசியைப் பார்க்கவில்லை, எறும்பைத் தேடவில்லை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக் கையசைத்து, எடுக்கட்டுமா என்று சைகையிலேயே கேட்டாள். அந்தப் பெண் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். பஞ்சர் ஒட்டுகிறவர் டயரோடு எழுந்து நின்றார். மெக்கானிக் வாயைப் பிளந்தபடி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மறுவாரமும் போனார்கள், அதற்கடுத்த வாரமும்.

அப்படி ஒரு ஞாயிறு, சலூன் வாசலில் முடிதிருத்துபவரை நிறுத்தினாள். அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் சிரிங்கண்ணே."

"எனக்குச் சிரிப்பு வராதும்மா."

அவள் கேமராவைச் சட்டென்று கீழே இறக்கினாள். "ஊருக்கெல்லாம் முடி வெட்டறீங்க, உங்க தலையில சீப்பு வைக்க இடமே இல்ல. எனக்குச் சிரிப்பு வருதே, உங்களுக்கு வரலயா?"

அவர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். வலது பக்கம் நன்றாக ஏறியது. இடது பக்கம் கொஞ்சம் தயங்கி, பாதி தூரம் வந்தது. அப்போதுதான் முகம் வெளியே இருப்பது அவளுக்கு உறைத்தது. கை வாய்க்குப் போகப் பார்த்தது.

"எடும்மா, எடு. சிரிப்பு நின்னா மறுபடி வராது" என்றார் முடிதிருத்துபவர்.

எடுத்தாள். மெக்கானிக்கின் சட்டைப் பையில் சின்னக் கேமரா இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பொத்திக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே அவள் இடது பக்கமாக நடந்தார் அவர். அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

முழுதும் சரியாகும்வரை காத்திராமல் கடைக்குத் திரும்பினாள். "என்னம்மா, வாய் ஒரு பக்கமா இருக்கு?" என்று கேட்ட வாடிக்கையாளரிடம், "அந்தப் பக்கம் இன்னும் லீவுல இருக்குங்க. வந்துடும்" என்றாள்.

வந்தது. பெரிய கேமராவை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.