தறிக்குழியில் அரை மாடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் புவனேஸ்வரி ரசத்துக்கு மஞ்சள்பொடி தேடினாள். டப்பா நக்கி வைத்தாற்போல் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வாங்கிய கால் கிலோ. அதற்கு முன்பு வாங்கியதும் வியாழக்கிழமை பாதியாகக் குறைந்திருந்தது. கடைக்காரர் எடையில் கை வைத்திருப்பார் என்று அவள் புருஷன் கதிர்வேல் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

"துர்கா. விக்னேஷ்."

வீட்டில் பதில் இல்லை. பூமிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வந்தது.

பயப்பட வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் வீடுகளில் கூடத்திலேயே இடுப்பளவுக்கு ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். கதிர்வேலின் தறியில் சேலை முடிந்து, நீளவாட்டு நூலான பாவை அறுத்து ஐந்து நாள் ஆகிறது. அடுத்த பாவு செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரை குழிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத குழியைப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அது இப்போது குகை.

இதில் பெரிய குற்றவாளி புவனேஸ்வரியேதான். மூன்று மாதமாகப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறாள். தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாம் புத்தகத்தைப் பார்த்து ஓட்டிவிட்டாள். ஓவியத்துக்குத்தான் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து, ராத்திரி தான் படித்ததைப் பகலில் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரம் கோடு. இரண்டாம் வாரம் வடிவம், நிறம், வெளிச்சம் நிழல். மூன்றாம் வாரம், மனிதன் முதன்முதலில் எங்கே படம் போட்டான் என்ற பாடம். விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் பாறை மேல் இருக்கும் செங்காவி உருவங்களை போனில் காட்டினாள். தூர தேசத்துக் குகைகளில் கையைச் சுவரில் வைத்து, சுற்றிலும் வாயால் வண்ணம் ஊதி, கையை எடுத்துவிடுவார்கள். கையின் வடிவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும் என்றாள். அதை வைத்தே இது பெரியவர் கை, இது குழந்தை கை என்று சொல்லிவிடலாம் என்றும் சொன்னாள்.

"குகையில போட்டாதான் நல்லா வரும்" என்றான் ஏழு வயது விக்னேஷ்.

"குகைக்கு எங்கடா போறது?"

அவன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்த ஒரு விநாடியில் 'வேண்டாம்' என்று சொல்லாமல் விட்டதுதான் அவள் செய்த பிழை. கோலத்துக்கு வைத்திருந்த காவி முதல் நாளே போயிற்று. சாம்பிராணிக்கு வைத்திருந்த அடுப்புக்கரி மறுநாள். மஞ்சளின் கதையைத்தான் பார்த்தோமே.

இன்றைக்குப் பத்து மணிக்கு வரப்போகிறவர் கதிர்வேலின் அக்கா கமலாட்சி. செவிலிமேட்டில் வீடு, இருபத்தேழு வருஷமாகக் கணக்கு டீச்சர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பொங்கலுக்கு வந்தவர் விக்னேஷை விரல் விட்டு எண்ணச் சொன்னார். அவன் அப்பாவின் கைகளைப் பிடித்து எண்ணிப் பதினொன்று என்றான். கதிர்வேலின் வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு குட்டி விரல் உண்டு. பையன் கணக்கு சரிதான். ஆனாலும் டீச்சர் அதை அவன் படிப்புக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டார். போன வாரம் போனில் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். உருப்படியா எதனா கத்துக்கினு இருந்தா சரி. இல்லன்னா ஜூன்ல ஸ்கூலு. ஃபார்ம் வாங்கி பில்லப் பண்ணிட்டேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

அக்கா சொல்லுக்கு எதிர்ச்சொல் கதிர்வேல் வாயில் முளைத்ததில்லை. "அக்கா பாத்து இன்னா சொல்லுதோ அப்படியே செஞ்சிடலாம் புவனா" என்று விட்டான். அன்றிலிருந்து அவன் தட்டில் பொரியல் கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

புவனேஸ்வரிக்குப் பயம் துர்காவை நினைத்துத்தான். ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் வாயே திறக்காத பெண். தினம் காலையில் வயிற்றுவலி. வீட்டுப் பாடம் ஆரம்பித்த பிறகுதான் வலி நின்று வாய் திறந்தது. அத்தை கையிலிருக்கும் அந்த ஒரு தாள் அதை மறுபடி மூடிவிடும்.

டவுன் பஸ் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே டீச்சரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. பிள்ளைகள் குழியிலிருந்து ஏறி வந்து, மஞ்சள் மூக்கோடு கைகட்டி நின்றார்கள்.

"இன்னாமா புவனா, பசங்களுக்கு காமாலையா?"

"இல்லக்கா. வெளையாட்டு. உக்காருங்க, காபி கொண்டாறேன்."

"காபி அப்பறம். நோட்டு கொண்டா."

கணக்கு நோட்டில் டீச்சர் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று புவனேஸ்வரிக்குத் தோன்றியது. பிறகு ஓவியக் கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இன்னாமா இது? குடம் பாதி. காக்கா பாதி. மரம் பாதி. எல்லாம் பாதி பாதியாவே இருக்குது?"

 முழுதாகப் போடச் சொல்லிப் புவனேஸ்வரியும் மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டாள்.

"மீதிய தறி போட்டுக்கும் அத்த" என்றான் விக்னேஷ்.

"யார்றா சொன்னது?"

விக்னேஷ் அப்பாவைப் பார்த்தான். கதிர்வேல் மின்விசிறியைப் பார்த்தான். அவன் பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் படம் போடும்போது பாதி அன்னம், பாதி தாமரைதான் போடுவான். எதிர்ப்பாதியைத் தறி தானே திருப்பி நெய்துகொள்ளும். முழுதாகப் போடுவது வீண் வேலை. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் படம் என்றாலே பாதிதான்.

"பேப்பர்ல போட்ட காக்காவ எந்தத் தறிடா முழுசாக்கும்?"

"பாதியா இருந்தாதான் அத்த மதிப்பு" என்றான் விக்னேஷ். "கைலாசநாதர் கோயிலுக்கு அம்மா இட்டுக்கினு போச்சு. சின்னச் சின்ன ரூமுல பல்லவராஜா காலத்து பெயிண்டிங் இருக்குது. ஒரு கண்ணு இருக்குது, மூக்கு இல்ல. அத போயி எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க. அதுக்கு பாதியாவறதுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆச்சு. நான் இப்பவே போட்டுட்டேன்."

 புவனேஸ்வரி சிரிப்பை அடக்க அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் டீச்சரின் கை பையைத் திறந்து ஃபார்மை எடுத்து மடியில் வைத்ததும் சிரிப்பை விட்டுத் திரும்பி வந்தாள்.

"வாய் இருக்குது. படிப்பு எங்க இருக்குது? முழுசா ஒண்ணாவது போட்டிருக்கீங்களா?"

விக்னேஷ் அக்காவைப் பார்த்தான். அப்புறம் துர்கா பேசினாள்.

"கை முழுசா போட்டிருக்கோம் அத்த. மாடுதான் பாதி. ரெண்டும் குழியில இருக்குது."

"எந்தக் குழியில?"

"தறிக்குழியில."

புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் புதுப் பாவு ஏற்றும் முன் தறிக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டாமல் யாரும் குழியில் கால் வைக்க மாட்டார்கள். அந்தக் குழியில் கரியும் காவியும்.

டீச்சர் எழுந்தார். கூடத்துக்குப் போனார். தறியின் பலகையில் உட்கார்ந்து, குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாக உள்ளே இறக்கினார். குனிந்தார். துர்கா மேலே குப்புறப் படுத்துக்கொண்டு போன் விளக்கைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் மாடு அத்த. அந்தக் காலத்துல கரியிலயும் காவியிலயும்தான் போடுவாங்க. அதான் நாங்களும். எண்ணெய் வெளக்கு ஆடும்போது மாடு ஓடறா மாதிரி இருக்குமாம். பாருங்க, நான் லைட்ட ஆட்டறேன். ஓடுதா?"

"முன்னங்கால் மட்டும்தானே இருக்குது. எங்க ஓடறது?" என்றார் டீச்சர். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். துர்காவும் பேசிக்கொண்டே இருந்தாள். காவி எப்படிக் கல்லிலிருந்து வருகிறது, மஞ்சள் ஏன் சுவரில் நிற்காமல் வழிகிறது, பெரிய விலங்கை முன்னாலும் சின்னதைப் பின்னாலும் போட்டால் ஏன் தூரம் தெரிகிறது என்றெல்லாம். டீச்சர் குழிக்குள்ளிருந்து ஒரு தரம் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது கைங்க. கைய பாத்து ஆள கண்டுபிடிக்கலாம் அத்த" என்றான் விக்னேஷ், தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று.

"கண்டுபிடி பாப்போம்."

"இது அக்கா. இது நான். இதுவும் நான். இது என் எடது கை."

"இது?"

விக்னேஷ் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். துர்கா விளக்கை வேறு பக்கம் திருப்பினாள்.

"லைட்ட இங்க காட்டு." டீச்சரின் விரல் சுவரில் ஒவ்வொன்றாகத் தொட்டது. "பெரிய கையி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." நின்றது. "ஆறு."

டீச்சர் குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார்.

"டேய் கதிரு. இங்க வா."

கதிர்வேல் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தான். முப்பத்தெட்டு வயசு.

"எப்படா?"

"வியாழக்கெழம. புவனா ரேஷனுக்கு போயிருந்தப்போ."

புவனேஸ்வரிக்கு மஞ்சள் டப்பாவும் கடைக்காரரும் ஒருசேர நினைவுக்கு வந்தார்கள். பாவம், இரண்டு நாளாக அவள் அந்த மனிதரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஸ்கூல்ல சேத்துடலாம்னு எங்கிட்ட தலையாட்டிட்டு, இங்க வந்து மஞ்சத்தண்ணி ஊதிக்கினு இருந்தியா?"

"பசங்கதான் ஊதுச்சுங்கக்கா. நான் கைய மட்டும் வெச்சேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "துர்கா பேசுதுக்கா. அன்னிக்கு இந்தக் குழியில உக்காந்துக்கினு ஒரு மணி நேரம் பேசுச்சு. ஸ்கூலு மிஸ்ஸு அதுக்கு வாயே இல்லன்னாங்க இல்ல? நான் கேட்டுக்கினே இருந்தேன். உங்கிட்ட அத எப்படி சொல்றதுன்னு தெரில."

அக்காவுக்கு எதிராக அவன் பேசியதில் அதுவே மிக நீளமான பேச்சு. சொல்லி முடித்ததும் அவனுக்கே மூச்சு வாங்கியது.

டீச்சர் பலகையைப் பிடித்துக்கொண்டார். ஏறப் பார்த்தார். முட்டி மடங்க மறுத்தது. கதிர்வேல் ஒரு கையைப் பிடித்து இழுத்தான், பிள்ளைகள் இன்னொரு கையை. அவர் அரை அடி ஏறி, ஒரு அடி இறங்கினார்.

"விடுங்கடா, தோள்பட்ட கயண்டுக்கும். போயி ஒரு ஸ்டூல் கொண்டாங்க. எல்லாரும் போங்க. வேடிக்க பாக்காதீங்க."

ஸ்டூல் மாடியில் துணிக்கு அடியில் இருந்தது. அதைத் தேடி, தூசி தட்டி, கொண்டுவர ஐந்து நிமிஷம் ஆயிற்று. டீச்சர் ஏறி வந்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். காபி குடித்தார். மஞ்சள் இல்லாத ரசத்தைக் குறை சொல்லாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இதில் எதுவுமே நல்லதற்கா கெட்டதற்கா என்று புவனேஸ்வரியால் கணிக்க முடியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் டீச்சர் ஃபார்மை அவளிடம் நீட்டினார்.

"கையெழுத்து போடணுமாக்கா?" என்றாள் புவனேஸ்வரி.

"பின்பக்கம் வெத்தாதான் இருக்குது. பசங்க எதனா வரஞ்சிக்கட்டும்." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "அடுத்த ஜூன்ல வருவேன். அப்பவும் பாதி காக்கா காட்டினீங்கன்னா பாரு. அவன் கைய மட்டும் நம்பாத, புவனா. சின்ன வயசுலயே திருட்டுக் கையி."

அன்றைக்குக் கதிர்வேலின் தட்டில் பொரியல் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தது. மஞ்சளுக்கு அவனையே கடைக்கு அனுப்பினாள். கடைக்காரரிடம் மன்னிப்பும் அவனே கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். எதற்கு மன்னிப்பு என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மறுநாள் பாவு வருகிறதே என்று, புவனேஸ்வரி சுண்ணாம்பு வாளியோடு குழியில் இறங்கினாள். வாளியைக் கீழே வைத்தாள்.

மாட்டுக்குப் பின்பக்கம் வந்திருந்தது. கரியில், தடித்த, தயக்கமான கோடு. இரண்டு பின்னங்கால்கள் நாற்காலிக் கால் மாதிரி நேராக நின்றன. வால் இடுப்பிலிருந்து புறப்பட்டு எங்கே முடிவது என்று தெரியாமல் ஆறு விரல் கைக்குப் பக்கம் போய்ச் சுருண்டிருந்தது. தறி திருப்பிப் போட்டிருந்தால் இந்த மாட்டுக்கு இரண்டு தலை வந்திருக்கும். இதற்கு ஒரே தலைதான். பிள்ளைகள் போட்டதல்ல இது. ஐந்து நிமிஷம் தனியாகக் குழிக்குள் இருந்தவர் ஒருவர்தான்.

அவளுக்கு முன்பே யாரோ அதைப் பார்த்துவிட்டிருந்தார்கள். பின்னங்காலுக்குக் கீழே காவியில் கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'அத்தை. 10க்கு 4. கால் மடங்கவில்லை. அடுத்த வாரம் திரும்பப் போட்டுக் காட்டவும்.'

அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று சுவருக்கும் அவள் சுண்ணாம்பு அடித்தாள்.