எல்லாம் பேசி முடித்தாயிற்று

"பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வர்றவர் உங்க சித்தப்பா மருமகன். போன தடவை வேலைக்காரர்னு நெனச்சு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னீங்க. இன்னிக்காவது கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசுங்க," என்றாள் மனைவி.

கிரேன்காரர் பச்சைச் சட்டையின் கையைப் பிடித்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். மனைவி உள்ளே கூடத்தில், கழுத்துவரை போர்த்திய வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். காலையில் மாடியில் துணி உலர்த்தப் போனவள் அங்கேயே சரிந்துவிட்டாள். வாசலில் நின்ற அவரிடம் பேசியது, முப்பது வருடமாக அவர் தலைக்குள் பேசிக்கொண்டிருக்கும் மனைவி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது தனியாள் வேலை. ஏணி ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் மாலைவரை பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. அதனால் மனத்துக்குள் அவளோடு பேசுவார். அவளும் விடாமல் பதில் சொல்வாள், அதே குரலில், அதே குத்தலோடு. மகளை எதில் படிக்க வைப்பது, ஒழுகும் கூரைக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அந்தக் கூண்டில்தான் முடிவானது. அப்புறம் வீட்டுக்கு வந்தால் பேச என்ன இருக்கும்? எல்லாம் பேசி முடித்தாயிற்றே. "வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்று நிஜ மனைவி கேட்டால், ஒரே விஷயத்தை இவளுக்கு எத்தனை தடவை சொல்வது என்று எரிச்சல்தான் வரும்.

இன்று சேதி கேட்டுக் கூண்டிலிருந்து இறங்கியபோதும், "பார்த்து எறங்குங்க, அவசரப்படாதீங்க" என்றுதான் அவள் சொன்னாள்.

மகள் வந்து அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, அழுதுடுங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு நிக்கறா. முதல்ல அவளை உட்காரச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"நீ முதல்ல உட்காரும்மா," என்றார். அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அப்போது ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, கழுத்தில் ஏதோ அலுவலக அட்டை. யார் முகத்தையும் பார்க்காமல் நேரே உள்ளே போய், மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். மகள்கூட அப்படி அழவில்லை.

யாரு இது, என்று மனைவியைக் கேட்டார்.

பதில் இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். யாரு இந்தப் பொண்ணு?"

இந்த முறை அவர் உதடு அசைந்துவிட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். தலைக்குள் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. உறவு முறையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பவளுக்கு இந்தப் பெண்ணைத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாதே, அவளுக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியாத ஒன்றை அந்தக் குரல் ஒருநாளும் சொன்னதில்லை. முப்பது வருடமாகக் கேள்வியும் அவர்தான், பதிலும் அவர்தான்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். செத்துப்போயிருக்கிறாள். காலையிலேயே செத்துப்போயிருக்கிறாள். இத்தனை பேர் வந்து துக்கம் கேட்டும் அது இப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தது. மகள் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, உள்ளே கூட்டிப்போய் அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார வைத்தாள்.

"நீங்க யாரும்மா?"

"பஸ் பழக்கம்தாங்க. அக்கா மருந்துக் கடை வேலைக்கு வர்ற அதே பஸ். எனக்கு எடம் போட்டு வைப்பாங்க."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நான்கூட கேட்டிருக்கேன், இதெல்லாம் வீட்டுல சொல்ல மாட்டீங்களான்னு. 'சொல்லி என்ன, அவரு என்ன பதில் சொல்லுவாருன்னு எனக்கே தெரியும்'பாங்க. அப்புறம் ரெண்டு பேராவும் அவங்களே பேசிக் காட்டுவாங்க. அவங்க கேக்கறது ஒரு குரல், நீங்க சொல்றது ஒரு குரல். பஸ்ஸே சிரிக்கும்."

கிரேன்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

அந்தப் பெண் புரியாமல் விழித்தாள்.

"அந்த பஸ்ல. அவ கேட்டதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்?"

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமி, பஸ்ஸில் கேட்டதுபோலவே குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.