பன்னிரண்டாம் தேதி பில்

மூன்று மாதமாக என் சம்பளத்தில் பிடித்தம். ஜூலையில் அறுநூறு, ஆகஸ்டில் எழுநூறு, செப்டம்பரில் எழுநூற்று அறுபது. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்குகிறவளுக்கு வயிறு எரியாதா? அல்சூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஆராவமுதன் சார் அதோடு விட்டாரா? கணக்கு நோட்டில் என் பெயரைச் சிவப்பு மையால் எழுதியும் வைத்தார்: ‘பற்றாக்குறை – தனக்கோடி.’

கல்லாவில் உட்காருகிறவள் நான். பில் மொத்தத்தைவிட பாங்கில் ஏறிய பணம் குறைந்தால் எடுத்தவள் நானாம். ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிற சோனியாவை வைத்துக்கொண்டே, “இன்னொரு மாசம் குறைஞ்சா வேலைக்கு வர வேண்டாம்” என்றார். அன்றிலிருந்து சோனியா தன் கைப்பையை என் பக்கத்தில் வைப்பதில்லை. பாத்ரூமுக்குப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவாள்.

அக்டோபர் முழுக்க நிம்மதி இல்லை. வீட்டுக்குப் போகும் நீலசந்திரா பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் கூட்டுவேன், கழிப்பேன். கல்லாவை நாளுக்கு நாலு தடவை எண்ணினேன். ஒரு ரூபாய் குறையவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி பாங்க் ஸ்டேட்மென்ட் வாங்கி வர என்னையே அனுப்பினார். வாங்கியதும் கவுன்டரிலேயே பிரித்துவிட்டேன். அக்டோபர் பன்னிரண்டு என் கண்ணில் பட்டது. அன்று கொட்டுகிற மழை. நாள் முழுக்க ஒரே பில், ஆயிரத்து இருநூறு. ஒயிட்ஃபீல்ட் கம்பெனிப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ஜூலையில் வைத்தாரே கார்டு மெஷின், அதில் தேய்த்தது. என் கை படாத பணம். பாங்கில் ஏறியதோ ஆயிரத்து நூற்று எழுபது!

“மீதி முப்பது எங்க சார்?”

கிளார்க் கிருஷ்ணப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அது கமிஷன்மா. கார்டு தேய்ச்சா நூத்துக்கு ரெண்டரை ரூபா பாங்க் புடிச்சுக்கும். உங்க ஓனர் கையெழுத்துப் போட்டிருக்காரே.”

கடைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பழைய கார்டு பில்களைக் கூட்டி, கால்குலேட்டரை ஆராவமுதன் சார் முன்னால் வைத்தேன்.

“ஜூலை கார்டு பில்லு இருபத்து நாலாயிரம். ரெண்டரை பர்சென்ட் போடுங்க சார்.”

போட்டார். அறுநூறு. ஆகஸ்டையும் செப்டம்பரையும் நான் சொல்லாமலே போட்டார். கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார்.

“கார்டு மெஷின் ஃபார்ம்ல எழுத்து பொடிப்பொடியா இருந்ததும்மா.”

“கண்ணாடிக் கடை வெச்சுக்கிட்டு இதைச் சொல்றீங்களே சார்!”

இரண்டாயிரத்து அறுபதை எண்ணி நீட்டினார். “தெரியாம நடந்துடுத்து. விட்டுடு.”

“பணம் இருக்கட்டும். நோட்டை எடுங்க. என் பேரை அடிங்க.”

“அந்த நோட்டை யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்கறேன் சார். தினமும்.”

மூன்று இடத்திலும் அடித்து, மேலே ‘பாங்க் கமிஷன்’ என்று எழுதினார். சோனியா அலமாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீ வாங்கக் கிளம்பினவள், கைப்பையை என் மேஜைமேல் வைத்தாள்.

“பாத்துக்கோக்கா.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “எடுத்துட்டுப் போடி. ஒரு திருடி கிட்டயா வெச்சுட்டுப் போறே?”

அவள் பையை எடுக்காமலே போய்விட்டாள். டீ வரும்வரை நான் அதைத் தொடவில்லை. வேறெங்கும் பார்க்கவும் இல்லை.