ஃபோல்டர் அடுக்கிய தம்பி

ஸ்டூடியோக்கார அக்காவுக்குத் தன் தம்பியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். படம் எடுக்கச் சொன்னால் தலையை வெட்டிவிடுவான். லைட்டைத் தூக்கச் சொன்னால் முதுகு வலி என்பான். ஆனால் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஜன்னலை அலங்காரம் பண்ண உட்கார்ந்தால் சோறு தண்ணி வேண்டாம் துரைக்கு.

வேலைக்கு வந்ததுமே தேதி காட்டுகிற பத்தியைத் தூக்கினான். அழகாக இல்லையாம். படத்தைத் திறக்காமலே காட்டுகிற வலப்பக்கக் கட்டமும் போயிற்று. கல்யாண ஃபோல்டருக்கு ரோஸ், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நீலம். இடப்பக்கப் பட்டியில் முக்கியமான ஃபோல்டர்களின் பெயர்களை ஒட்டிவைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளித் தலையைச் சாய்த்து ரசிப்பான். கோட்டை கட்டி முடித்துவிட்டான் பாருங்கள்!

“எவ்வளவு நீட்டா இருக்கு பாத்தியாக்கா?”

“கிழிச்சே. வாசல்ல ஆள் நிக்கிறாங்க, போய்க் கேமராவை எடு.”

அப்படி ஒருநாள் வாசலில் வந்து நின்றவர்கள்தான் அடுத்த தெருத் தையல்காரரும் அவர் மனைவியும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார்கள். ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர் தன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்த அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா அதையும் ஒரு க்ளிக் எடுத்துவைத்தாள்.

பிறகு அந்தம்மா திடீரென்று இறந்துபோனாள். தையல்காரர் போன் செய்தார். “பாஸ்போர்ட் போட்டோ இருக்குதும்மா. ஆனா அது அவ இல்ல. என்னை ஒருநாளும் அப்படி முறைச்சுப் பாத்ததில்ல. கேமராவைக் கண்டாலே ஓடிடுவா. அன்னிக்கு நீங்க எடுத்த அந்தச் சிரிப்பு மட்டுந்தான் இருக்கு. பெருசாப் போட்டுக் குடுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.”

அக்கா தம்பியிடம் சொன்னாள்: “அந்தம்மா படம் இருக்கற ஃபோல்டரைப் பத்திரமா தனியா எடுத்து வைடா.” அவள் செய்த முட்டாள்தனம் அது ஒன்றுதான்.

அவர் வருகிற நாள் காலையில் பிரிண்ட் போட உட்கார்ந்தாள். இடப்பக்கப் பட்டியில் தம்பி ஒட்டிவைத்த அந்தம்மாவின் பெயர் ஜம்மென்று இருந்தது. அழுத்தினால், அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

“எங்கடா போச்சு?”

“பட்டியில இருக்கேக்கா. ரெண்டு இடத்துல இருந்துச்சு, பட்டியில ஒண்ணு, உள்ள ஒண்ணு. டூப்ளிகேட் எதுக்குன்னு உள்ள இருந்ததை அழிச்சேன்.”

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அடப்பாவி! பட்டியில இருக்கறது வெறும் வழிகாட்டிடா. உள்ள இருந்ததுதான் படம். குப்பைத்தொட்டியில இருக்கா?”

“அது நிறைஞ்சிருந்தா பாக்க அசிங்கமா இருக்குதுன்னு…”

காலியும் பண்ணிவிட்டான். அதோடு விட்டானா? அந்த இடத்தின் மேலேயே கல்யாண வீடியோ ஒன்றை ஏற்றியிருந்தான். கேமரா கார்டு அடுத்த வேலைக்கு அப்போதே அழிக்கப்பட்டாயிற்று. கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து வெகுநேரம் நோண்டிவிட்டுக் கையை விரித்தார். இத்தனைக்கும் நடுவில் இந்தப் பிறவி ஒரு ஐகானை நேராக்கிக்கொண்டிருந்தது. அக்கா கையில் கிடைத்த துணியை அவன் முகத்தில் விட்டெறிந்தாள்.

மதியம் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, கழற்ற மறந்திருப்பார். சுவரில் மாட்ட ஃப்ரேம்கூட வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

தம்பி முந்திக்கொண்டான். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார். மிஷின் கோளாறு.”

இதற்கு மட்டும் வாய் எங்கிருந்துதான் வருகிறதோ! தலையாட்டிவிட்டால் ஸ்டூடியோ பெயர் தப்பும் என்று அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்த ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“மிஷின் இல்லீங்கண்ணே. இவன் அழிச்சுட்டான். அழகுக்காக அழிச்சான். இவன் கையில குடுத்தது நான்தான். படம் இனிமே வராது.”

தையல்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் குனிந்து திரையைப் பார்த்தார். பட்டியில் மனைவியின் பெயர் தெரிந்தது.

தம்பி மவுஸைப் பிடித்தான். “இது இனிமே வேலை செய்யாது சார், சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு. இதையும் தூக்கிடறேன்.”

“கையை எடுப்பா,” என்றார் தையல்காரர். “அவ சிரிச்சதைத்தான் அழிச்சுட்டே. பேராவது இருந்துட்டுப் போகட்டும்.”