நச்சரிப்புக்கு ஒரு வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். நாமெல்லாம் ஒருத்தர் வாயைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்க்கிறோம், சொன்னது பாதி சொல்லாதது பாதி என்று கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்கிறோம். இவர்களுக்குச் சொல் மட்டும் போதும். அப்படி ஊறிப்போன ஓர் ஆள்தான் நம் அக்கா. ஒரு மகளுக்கு அம்மா, ஆனால் அலுவலகம் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. ந என்ற எழுத்து முழுவதும் அவள் பொறுப்பு.

ஒரே மகள். வேறு ஊரில் வேலை, தனியாக ஓர் அறை. மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்தவள் ஒருவழியாகத் தேறி வேலைக்கும் திரும்பிவிட்டாள். அம்மா விட்டபாடில்லை. மாத்திரை போட்டாயா, தண்ணீரைக் கொதிக்கவைத்தாயா, ரத்தம் எடுக்க எப்போது போகிறாய், கண் வெள்ளையாக இருக்கிறதா, எங்கே, வீடியோவில் காட்டு, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து காட்டு. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், கூட்டத்தில் இருப்பவளை வெளியே இழுத்து ஒரு தரம். கடைசியில் ஒருநாள் மகள் வெடித்துவிட்டாள்.

"அம்மா, நச்சரிக்காத. இனிமே நீ கூப்பிடாத. நானே கூப்பிடுறேன்."

வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் "சரி சரி, ரொம்பத்தான்" என்று ஃபோனை வைத்துவிட்டு, சாயங்காலமே ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கூப்பிட்டிருப்பாள். நம் அக்கா அகராதிக்காரி ஆயிற்றே. கூப்பிடாதே என்றால் கூப்பிடாதே. நானே என்றால் நீயே. அன்றோடு நிறுத்திக்கொண்டாள். ரோஷமும் இருந்தது, இல்லை என்று மழுப்ப முடியாது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஃபோன் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. ரத்தப் பரிசோதனை முடிவு இந்த வாரம் வர வேண்டும். கல்லீரல் தேறிவிட்டதா, இல்லை மறுபடி படுக்கையா என்பது அதில்தான் தெரியும். அக்கா ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தாள். ஆனால் அலுவலகத்தில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த லட்சணத்தில், ந எழுத்தில் மற்றதெல்லாம் முடிந்து, மிச்சம் நின்றது நச்சரி என்ற சொல். அச்சகத்துக்காரர் அன்று சாயங்காலமே பக்கங்கள் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்.

முதல் தகராறு, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில்.

"நச்சுன்னா நஞ்சுதான் சார், நஞ்சு பட்ட அரிப்பு, தூங்க விடாது, சொறியச் சொறிய, அந்த மாதிரி..." என்றார் எதிர் மேசைக்காரர். இவருக்குக் கமா என்று பட்டப்பெயர். பேசினால் எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார்.

"அதெப்படி? பழைய பாட்டுல நச்சுறதுன்னா ஆசைப்படறது. ஆசைப்பட்டு அரிக்கறதுன்னு ஏன் இருக்கக் கூடாது?" என்றார் ஆசிரியர். இவர்தான் அந்த அலுவலகத்துக்குத் தலைவர். முப்பது பேர் சேர்ந்து சொன்னாலும் தன் கட்சியை விடாதவர்.

"நச்சு நச்சுன்னு சத்தம் கேக்குதே, அதுல இருந்துகூட வந்திருக்கலாம்" என்று தட்டச்சு செய்யும் அம்மா தன் பங்குக்கு ஒன்றைப் போட்டு வைத்தாள்.

"யார்கிட்டயாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா. யாரிடமும் இல்லை. "அப்ப தோற்றம் தெளிவில்லைன்னு போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, கடுப்போடு எழுதினாள். நஞ்சாக இருந்தால் என்ன, ஆசையாக இருந்தால் என்ன, அவள் காதில் அந்தச் சொல் மகள் குரலில் அல்லவா கேட்டுக்கொண்டிருந்தது. 'ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டோ சொல்லியோ தொந்தரவு செய்தல்' என்று பொருளையும் எழுதி முடித்தாள்.

இனி எடுத்துக்காட்டு வாக்கியம். இதில்தான் அந்த அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாக்கியத்தை யாரும் தாங்களாக எழுதக் கூடாது. வெளியாள் ஒருவரை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, சொல்லைக் கொடுத்து அவர் வாயிலிருந்து வருவதை வாங்க வேண்டும். 'காதில் போட்டுப் பார்ப்பது' என்று இதற்குப் பெயர். அந்தச் சொல்லை எழுதியவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வாக்கியம் செல்லாது.

கமா முதலில் முடிதிருத்துபவரைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. தையல்காரம்மா, "கடையில கூட்டம் சார்" என்று வைத்துவிட்டாள். "நம்ம அக்கா வீட்டுப் பாப்பாவையே கேட்டுடலாம், பட்டுன்னு சொல்லும், சின்ன வயசுல இருந்தே நமக்குச் சொல்லிட்டு வர்ற பொண்ணு..." என்றபடியே எண்ணை அழுத்தினார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். மகள் என்னோடு பேசுவதில்லை என்று இத்தனை பேர் முன்னால் எந்த வாயால் சொல்வது? அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. எடுக்காவிட்டால் உடம்புக்கு என்னவோ என்று அர்த்தம். எடுத்தால் என்ன சொல்லித் தொலைப்பாளோ.

"சொல்லுங்க மாமா."

அப்பா, குரலாவது கேட்டதே.

"பாப்பா, ஒரு சொல்லு, நச்சரி, அதை வச்சு ஒரு வாக்கியம், யோசிக்காம, வழக்கம்போல..."

மகள் யோசித்துத்தான் சொன்னாள்.

"எங்கம்மா என்னை நச்சரிக்கறதை நிறுத்திட்டாங்க."

கமா கர்மமே கண்ணாக எழுதிக்கொண்டார். ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். நிறுத்தியதைச் சொன்னால் பொருள் எப்படி விளங்கும்? இன்னொன்று கேள் என்று சைகை காட்டினார். அக்கா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி பாப்பா, முன்னப்பின்ன தெரியாதவன், மனை வேணுமா வீடு வேணுமான்னு ஃபோன்ல கேக்கறான்ல, அவன் நச்சரிக்கறான்னு சொல்லுவியா, இல்ல..."

"மாட்டேன். அவன் தொல்லை பண்றான்னு சொல்லுவேன். வச்சுட்டா முடிஞ்சுது. நச்சரிப்புன்னா வச்சாலும் மறுபடி வரும் மாமா, அது நமக்கே தெரியும். வரலைன்னாதான் பயமா இருக்கும். ரெண்டு வாரமா ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"நீ கூப்பிட வேண்டியதுதானேம்மா, இதுல என்ன..."

"அவ்வளவு கத்திட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடறது? அம்மா நல்லா இருக்காங்களா மாமா? அதை மட்டும் சொல்லுங்க."

கமா திரும்பி அக்காவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஆசிரியரையும் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருக்காங்க" என்றார் கமா. அவர் வாழ்நாளில் முற்றுப்புள்ளியோடு பேசியது அன்றைக்குத்தான்.

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விதியாவது மண்ணாவது.

"ரிசல்ட் வந்துச்சாடி?"

"அம்மா?" என்றாள் மகள். பிறகு அவசர அவசரமாக, "வந்துடுச்சும்மா. நேத்தே வந்துடுச்சு. எல்லாம் சரியா இருக்கு. கல்லீரல் நல்லா ஆயிடுச்சாம். மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. எவ்வளவு கனம் என்று அது போன பிறகுதான் தெரிந்தது. தட்டச்சு அம்மா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்தே வந்தா நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீ கேப்பேன்னு இருந்தேன்."

"நீதானே கூப்பிடாதன்னு சொன்னே?"

"சொன்னா? அப்படியே எடுத்துக்கறதா? சரியான அகராதி புடிச்சவம்மா நீ."

ஆசிரியருக்கு வந்ததே சிரிப்பு. அச்சகத்துக்காரர் காத்திருப்பதை மறந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அவரே எழுந்து வந்து, ஸ்பீக்கரை அணைத்து, ஃபோனை அக்கா கையில் கொடுத்தார். வாக்கியத்துக்கு முடிதிருத்துபவரை மறுபடி பார்க்கலாம் என்று கமாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு, சளியா?" என்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இல்ல."

"பொய் சொல்லாத. டாக்டரைப் பாத்தியா? பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறியா? தூங்கறியா இல்லையா? போன மாசமே கண்ணைக் காட்டச் சொன்னேனே, போனியா? எப்பதான் போவே?"

நச்சரிக்காதடி என்று சொல்ல வாயெடுத்த அக்கா, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இவளும் அவள் பெற்ற பெண்தானே, சொன்னபடியே எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டால்?

"நாளைக்குப் போறேன்" என்றாள். "அப்புறம்? இன்னும் கேளு."